புதன்கிழமை முறை

கல்லுப்பள்ளி காலனி,
சூளகிரி வழி.
28 நவம்பர்

அன்புள்ள ராஜசேகர் அண்ணனுக்கு,

தங்கச்சி மாதேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் குழந்தை ஜெயப்ரியாவும் சுகம். உன் உடம்பு எப்படி, காதில் அந்த இரைச்சல் குறைந்ததா என்று எழுது. போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் உனக்கு அனுப்ப வேண்டியதை அவசரத்தில் ஊர் குரூப்பில் போட்டுவிட்டு போன வருஷம் நான் பட்ட பாடு போதும். எனக்கு இனிமேல் தாள்தான்.

ஒரு தப்பு செய்துவிட்டேன் அண்ணா. வேறு யாராவது உனக்கு எழுதிக் காட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

26ஆம் தேதி பஞ்சாயத்து ஆபீசில் அரசியல் சட்ட முகவுரையை எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. தலைவர் நாராயணம்மாவுக்குத் தெலுங்கு எழுத்துதான் தெரியும். கிளார்க் சக்திக்குத் தொண்டை கட்டியிருந்தது. பிளஸ் டூ படித்தவள் என்று தாளை என் கையில் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, தலைவர், கிளார்க், குப்பை வண்டிக்காரர்கள், டீ கொண்டு வந்தவர் வரைக்கும் திருப்பிச் சொன்னார்கள். 'இந்திய மக்களாகிய நாம்' என்று ஆரம்பிக்குமே, அதுதான். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. இப்போது நான் சொன்னதைத் தலைவரே திருப்பிச் சொன்னபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீதி, சுதந்திரம் என்று வந்து, அப்புறம் சமத்துவம். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. கிளார்க் கனைத்த பிறகுதான் மேலே படித்தேன்.

நான் டேங்க் ஆபரேட்டராகி நாலு வருஷம். காலை ஐந்தரைக்கு ஊர் வால்வைத் திறக்கிறேன். ஏழு மணிக்கு மேல் மிச்சத் தண்ணீருக்குக் காலனி வால்வு. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் திறந்தார். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நமக்கு வருவது டேங்கின் அடித்தண்ணீர், வண்டலோடு வரும். கம்பெனி பஸ் ஆறரைக்கெல்லாம் ஹைவேயில் வந்து நின்றுவிடும். காலனியிலிருந்து பதினோரு பெண்கள் அதில் போகிறார்கள். ஒருத்தி கூட வேலை நாளில் குழாயில் தண்ணீர் வந்து பார்த்ததில்லை. கடைசி வீட்டு சுமலதா முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடுகிறாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நேற்று காலையில் இரண்டு வால்வையும் ஒன்றாகத் திறந்துவிட்டேன். சமம் என்றால் அதுதானே என்று என் புத்திக்குத் தோன்றியது. ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில். தண்ணீர் முழுக்க நம் பக்கம் ஓடிவந்துவிட்டது. ஊர்க் குழாய்களில் வெறும் காற்று.

தலைவர் வீட்டுக்காரர் வெங்கடசாமி ஐயா டேங்குக்கே வந்துவிட்டார். "என்னா மாதேசு, ஒரு பேப்பரு படிச்சதும் பெரியாளாயிட்டியா? நாளையிலருந்து பழையபடி தொறக்கறதுன்னா தொற. இல்லேன்னா சாவிய வெச்சிட்டுப் போயிக்கினே இரு" என்றார். இன்று பழையபடி திறந்தேன்.

உன் கேன்டீன் கான்ட்ராக்டர் ஆஞ்சப்பன் அவருக்கு மச்சானாயிற்றே. என்னால் உனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உடனே பதில் போடு. இந்த வாரம் கேன்டீனில் என்ன போட்டார்கள் என்று எழுத மறக்காதே. ஜெயப்ரியா உன் கடிதத்தில் அதைத்தான் முதலில் படிக்கிறாள்.

அன்புத் தங்கை,
மாதேஸ்வரி


ஓசூர்
3 டிசம்பர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பை விட்டு ஆறு வருஷமாகியும் மிஷின் என் காதுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாப்பிள்ளை தக்காளி லோடு ஏற்றப் போகும்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்.

முதலில் ஜெயப்ரியாவுக்கு. வெள்ளிக்கிழமை சிக்கன் என்று போர்டில் எழுதியிருந்தார்கள், குழம்பு மட்டும் வந்தது. சனிக்கிழமை சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல். இன்று எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. இந்த மஞ்சள் தாள் கேன்டீன் ஸ்டோரில் சாமான் எழுதிக் கொடுக்கும் தாள். பின்பக்கம் சும்மாதான் கிடக்கிறது என்று உனக்கு எழுதுகிறேன்.

மேடும் பள்ளமும் இருக்கிற இடத்தில் இரண்டு வால்வை ஒன்றாகத் திறக்கலாமா? படித்த பெண்ணுக்கு அது தெரிய வேண்டாமா? உன்னைத் திட்ட மனசு வரவில்லை. இருந்தாலும் திட்டுகிறேன்.

பழையபடியே திற. காது போன ஆளுக்கு இந்த ஓசூரில் வேலை கொடுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. வெங்கடசாமி சொல்லித்தான் ஆஞ்சப்பன் என்னைத் தட்டு கழுவுகிற இடத்தில் நிறுத்தினான், அப்புறம் ஸ்டோருக்கு மாற்றினான். அதை மறந்துவிடாதே. உன் வேலையும் நிரந்தரம் இல்லை. நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுக் கதவுதான் திறந்திருக்கிறது.

ஊரில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
ராஜசேகர்


கல்லுப்பள்ளி
9 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. இங்கே ஜெயப்ரியாவுக்கு மட்டும் இரண்டு நாள் சளி, இப்போது தேவலை. சிக்கன் வராமல் குழம்பு வந்த கதையைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

நீ திட்டியது சரி. பழையபடிதான் திறக்கிறேன். ஆனால் முன்பு சாவியைத் திருப்பும்போது எதுவும் தோன்றாது. இப்போது ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது. அதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை பைப் உடைந்த இடத்தைப் பார்க்க வெங்கடசாமி ஐயா தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். அங்கே அவர்கள் கூட்டுக் கிணற்று மோட்டார் ரூம் சுவரில் கரியால் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். இன்னாருக்கு இந்த நாள் மோட்டார் என்று முறை. புதனுக்கு நேராக மட்டும் ஆண் பெயர் இல்லை. 'அம்மா' என்று இருந்தது. யாரென்று கேட்டதற்கு, அந்தக் கிணறு நாராயணம்மாவின் அப்பா வெட்டியது, புதன் முறை அவருக்குக் கல்யாணச் சீராக வந்தது என்றார்கள்.

சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன் அண்ணா. ஒன்றாகத் திறந்தது தப்பு. முறை வைத்தால் என்ன தப்பு? ஒரு நாள் ஊர் முதலில், மறுநாள் காலனி முதலில். எவ்வளவு சுலபம். பயத்தோடுதான் வெங்கடசாமி ஐயாவிடம் கேட்டேன். "உங்க கெணத்துல மொற வெச்சிருக்கீங்களே ஐயா, அதே மாதிரி வெக்கலாமே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "மொறைங்கறது பங்காளிங்களுக்குள்ள வெக்கறது மாதேசு. நீ எனக்கு எந்த வழில பங்காளி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது, அவர் முன்னால் அழவில்லை.

ஜனவரி 26 கிராம சபையில் மனு வைக்கலாம் என்று கிளார்க் சக்தி காதோடு சொன்னார். நீ சரி என்று சொன்னால் கையெழுத்து வாங்க ஆரம்பிப்பேன். உன் மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
மாதேஸ்வரி


ஓசூர்
14 டிசம்பர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். சளிக்கு வெந்நீரில் மஞ்சள் போட்டு ஆவி பிடிக்கச் சொல்.

இன்று வியாழன், தக்காளி சாதமும் அப்பளமும். நேற்று புளிக்குழம்பு.

எனக்கு எதுவானாலும் இங்கே சீட்டில் எழுதித்தான் காட்டுவார்கள், உனக்குத் தெரியும். வழக்கமாக 'எண்ணெய் ரெண்டு டின்', 'பருப்பு தீந்துடுச்சு' என்றுதான் இருக்கும். நேற்று ஆஞ்சப்பன் சாப்பாட்டு டோக்கன் பின்னால் எழுதிக் காட்டினான்: 'உன் தங்கச்சி என்னா பண்றா?' நான் 'ஒண்ணுமில்ல' என்று தலையை ஆட்டினேன். அந்த டோக்கனைக் கிழிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

பாப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் மறைக்கத் தெரியவில்லை. பொங்கல் கழியட்டும். கையெழுத்து எதுவும் இப்போது வேண்டாம்.

அண்ணன்,
ராஜசேகர்


கல்லுப்பள்ளி
20 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே சுமலதா கையெழுத்து வாங்கிவிட்டாள். கம்பெனி பஸ்ஸிலேயே, சூளகிரி தாண்டுவதற்குள் பதினோரு பேரும் போட்டுவிட்டார்கள். அப்புறம் இரண்டு பேர் வந்து பேரை அடிக்கச் சொன்னார்கள். அவர்கள் வீட்டு ஆம்பளைகள் வெங்கடசாமி ஐயாவின் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். அடித்துக் கொடுத்தேன். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஒன்பது பேர் பெயரோடு மனு கிளார்க்கிடம் போய்விட்டது. நீ பொங்கல் வரை பொறு என்றாய். பொறுக்க முடியாமல் போய்விட்டது, மன்னித்துவிடு.

மனு போன மறுநாள் வால்வு சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் வெங்கடசாமி ஐயாவின் ஆள்தான் திறந்தான். மூன்று நாளும் காலனிக்குக் கால் மணி நேரம்தான் தண்ணீர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நாலாம் நாள் சாவி ஆபீஸ் மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொள் என்றார் தலைவர் நாராயணம்மா. ஏன் எடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. எல்லோரும் போன பிறகு தலைவர் என்னை உட்காரச் சொல்லி, அன்று வாசித்த தாளை மறுபடி மெதுவாகப் படிக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியையும் படித்துத் தெலுங்கில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அன்னிக்கு நான் என்னா சொன்னேன்னு எனக்கே தெரியாம சொல்லிட்டேன்" என்றார். ஆஞ்சப்பன் அவருக்குக் கூடப்பிறந்த தம்பி. அதனால் அவரிடம் உன்னைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சீக்கிரம் எழுது அண்ணா.

மாதேஸ்வரி


கல்லுப்பள்ளி
3 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நீ கடைசியாக எழுதி இருபது நாளாகிறது. இவ்வளவு நாள் நீ எழுதாமல் இருந்ததில்லை. கோபமா? உடம்பு சரியில்லையா? போன் பண்ணினேன், ரிங் போய்க்கொண்டே இருந்தது. உனக்குக் கேட்காது என்று தெரிந்தும் எட்டுத் தடவை பண்ணினேன்.

நேரில் வந்து பார்க்கலாம் என்றால் காலையில் வால்வு, சாயங்காலம் டேங்க் நிரப்பும் வேலை. ஒரு நாள் நான் இல்லாவிட்டாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். திட்டியாவது நாலு வரி எழுது. மனுவை வாபஸ் வாங்கச் சொல்கிறாயா? சொன்னால் வாங்கிவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மாதேஸ்வரி


ஓசூர்
8 ஜனவரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சுகம். ஸ்டோரில் வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. உன் எட்டுப் போனும் திரையில் தெரிந்தது. எடுத்து என்ன செய்வது?

வாபஸ் வாங்காதே.

உன் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். நீதி, சுதந்திரம், சமத்துவம் என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்திவிட்டாய். உன் குரல் நின்ற இடத்திலேயே நினைப்பும் நின்றுவிட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு சொல் இருக்கிறது. ரூமில் என்னோடு இருக்கிறவரின் மகள் புத்தகத்தில் எடுத்துப் பார்த்தேன். சகோதரத்துவம்.

நீ எந்த வழியில் பங்காளி என்று வெங்கடசாமி கேட்டாரே, அந்தத் தாள் அதற்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. சமத்துவத்தை மட்டும் கேட்டால் அவர் உன்னிடம் பங்காளி உறவு கேட்பார். அந்தச் சொல்லையும் சேர்த்துப் படி. வெங்கடசாமியும் அன்றைக்குத் தலைவரோடு நின்று திருப்பிச் சொன்னவர்தானே? நின்றாரா என்று எழுது.

எனக்கு ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. 26ஆம் தேதி வருகிறேன்.

அண்ணன்,
ராஜசேகர்


கல்லுப்பள்ளி
13 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நாங்கள் சுகம். நாளை போகி, பழைய பாயைக் கொளுத்துவேன் என்று ஜெயப்ரியா குதிக்கிறாள்.

வெங்கடசாமி ஐயா அன்றைக்கு வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. வராமல் இருந்தது எவ்வளவு தோதாகப் போய்விட்டது பார்.

உன் கடிதத்தை ஜெயப்ரியா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "மாமா இன்னா சாப்ட்டாருன்னு எழுதவேயில்ல" என்றாள். நானும் பார்த்தேன். சாப்பாட்டுக் கதை இல்லை. மஞ்சள் தாளும் இல்லை, கடையில் வாங்கிய வெள்ளைத் தாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா அண்ணா? லீவு கிடைப்பது கஷ்டம் என்றால் 26ஆம் தேதி வர வேண்டாம். ஆஞ்சப்பன் ஏதாவது சொன்னானா? மறைக்காமல் எழுது.

மாதேஸ்வரி


ஓசூர்
18 ஜனவரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் என் பொங்கல் வாழ்த்து. எனக்கு ஒரு குறையும் இல்லை. மஞ்சள் தாள் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜெயப்ரியாவுக்கு: மாட்டுப் பொங்கலன்று கேன்டீனில் சர்க்கரைப் பொங்கல், வடை, அவியல். முந்திரி எண்ணிப் போட்டிருந்தார்கள். எனக்கு மூன்று வந்தது.

26ஆம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன்.

அண்ணன்,
ராஜசேகர்


கல்லுப்பள்ளி
29 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக ஓசூர் போய்ச் சேர்ந்தாயா? கிராம சபை முடிந்ததும் நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டாய். ஒரு வாய் சாப்பிடக்கூட இல்லை. ஏன் ஓடினாய் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நீ எனக்குப் பக்கத்தில்தான் நின்றாய். ஆனாலும் அங்கே பேசியது எதுவும் உனக்குக் கேட்டிருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேப்ப மரத்தடியில் ஷாமியானா போட்டிருந்ததையும் கூட்டத்தையும் நீயே பார்த்தாய். கம்பெனி லீவு என்பதால் பஸ்ஸில் போகிற பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், ஊர்ப் பக்கத்துப் பெண்களும்.

கிளார்க் மனுவைப் படித்தார். முதலில் எழுந்தவள் ஊர் ப்ரவீணா. "எங்களுக்கும் அதே பஸ்சுதானே? ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாங்க தண்ணி இல்லாம போறதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை. சுமலதா எழுந்து, "நாங்க தெனமும் அப்பிடித்தான் போறோம் ப்ரவீணா. பாதி நாளு நாங்க வெச்சிக்கறோம், பாதி நாளு நீ வெச்சிக்க" என்றாள். ப்ரவீணா உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் வெங்கடசாமி ஐயா எழுந்தார். "மொற பங்காளிங்க சமாச்சாரம்னு அன்னிக்கே சொல்லிட்டேன். கேக்கல. அதோ நிக்கறான் பாரு இவ அண்ணன். இவ பண்ண காரியத்துக்கு அவன் சோத்துல மண்ணு விழுந்தது. டிசம்பர்லயே ஆஞ்சப்பன் கணக்கு முடிச்சி அனுப்பிட்டான். அப்பவும் இவளுக்கு ஒறைக்கல" என்றார்.

சொல்லிக்கொண்டே உன்னைக் கைகாட்டினார். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ என்ன நினைத்தாயோ, சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் சேர்த்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டாய். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மாட்டுப் பொங்கலன்று சுமலதாவுக்கு ஓவர்டைம். அவள் பஸ் உன் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போகும். கேட்டில் பூட்டு, மூன்று நாள் லீவு என்று போர்டு போட்டிருந்தது என்று சொன்னாள். உன் சர்க்கரைப் பொங்கல் கடிதம் அதற்கப்புறம்தான் வந்தது. வேறு கேன்டீனாக இருக்கும், வேறு நாளாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மூன்று முந்திரி என்று எண்ணி வேறு எழுதியிருந்தாயே அண்ணா.

மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உன்னைப் பார்த்தேன். நீ என் கையிலிருந்த முகவுரைத் தாளைக் காட்டி, படி என்று தலையசைத்தாய். படித்தேன். எப்படிப் படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சகோதரத்துவம் என்ற சொல் வந்தபோது நிறுத்தினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தலைவர் தெலுங்கில் கேட்டார். கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருப்பது என்றேன். யார் யார் என்று கேட்டார். இந்தத் தாளில் 'நாம்' என்று சொல்கிற எல்லோரும் என்றேன்.

நாராயணம்மா வீட்டுக்காரரைப் பார்த்துத் தெலுங்கில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். "புதங்கெழம மொற எங்கப்பன் எனக்குக் குடுத்தது. பொட்டச்சி எந்த ஊர்ல பங்காளி ஆவுறா? ஆனாலும் இருவது வருசமா அந்தத் தண்ணிலதான் நம்ம தக்காளி வெளையுது. பங்காளி இல்லாதவளுக்கு மொற குடுக்கலாம்னு எங்கப்பனுக்கே தெரிஞ்சிருக்கு." வெங்கடசாமி ஐயா முகம் சுண்டிவிட்டது. சபைக்கு வந்திருந்த ஆஞ்சப்பன் எழுந்து வெளியே போனான். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கை தூக்கச் சொன்னார் கிளார்க். உனக்கு யாரும் சொல்லவில்லை, நீதான் முதலில் தூக்கினாய். ப்ரவீணா கையைப் பாதி தூக்கி, மாமியாரைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். ஊரிலிருந்து ஐந்து கை வந்தது. காலனி எல்லாம் தூக்கியது, பேரை அடிக்கச் சொன்ன இரண்டு பேரும்தான். ஒரு மாதம் முறை வைத்துப் பார்ப்பது என்று தீர்மானம். தலைவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து என்ன ஆகும் என்று தெரியாது. வெங்கடசாமி ஐயா என்னிடம் பேசுவதில்லை. டேங்குக்குப் போகும் வழியில் அவர் ஆட்கள் நிற்கிறார்கள். எனக்குப் பயம் போகவில்லை.

இன்று நமக்கு முதல் முறை. ஐந்தரைக்குக் காலனி வால்வைத் திறந்தேன். ஆறேகாலுக்கு சுமலதா தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். உன் நினைப்புதான் வந்தது.

இனிமேல் எனக்கு கேன்டீன் கதை எழுதாதே. நீ என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எழுது, உள்ளபடி எழுது.

மாதேஸ்வரி


ஓசூர்
4 பிப்ரவரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல்.

நீ ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெங்கடசாமி என்ன சொன்னார் என்று தெரியாமல் நான் கும்பிடவில்லை. ஆறு வருஷமாக வாயைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். வேலை போயிற்று என்று சொல்லும்போது மனுஷன் வாய் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், பிரஸ் ஷாப்பில் ஒரு தடவை பார்த்தவன். நான் அழுதால் நீ தாளை மடித்துவிடுவாய். சிரித்துக் கும்பிட்டால் படிப்பாய் என்று நினைத்தேன்.

ஆஞ்சப்பன் துரத்தினான் என்பதும் முழு உண்மை இல்லை. டிசம்பர் 23ஆம் தேதி ஒரு சீட்டு எழுதிக் காட்டினான். 'தங்கச்சிய மனுவ வாங்கிக்கச் சொல்லி எழுது. இல்லேன்னா நாளையிலருந்து வராத.' சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் வரை வேலை பார்த்தேன். மறுநாள் போகவில்லை. அவ்வளவுதான்.

ஏன் அத்தனை நாள் எழுதவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதில் இரண்டில் 'வாபஸ் வாங்கிவிடு' என்றுதான் எழுதியிருந்தேன். நான் உன்னைப் போல இல்லை பாப்பா. பயந்தவன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். கடைசியாகப் போட்ட கடிதத்தைத்தான் நீ பார்த்தாய்.

சூளகிரி புது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்களாம். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். காது கேட்க வேண்டுமா என்று எழுதிக் காட்டினேன். 'பாக்கலாம்' என்று எழுதினார்கள். வேலை கிடைத்தால் பக்கத்தில் இருப்பேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. சாவியைக் கையை விட்டு வைக்காதே.

உன் அண்ணன்,
ராஜசேகர்

ஜெயப்ரியாவுக்கு: காலையில் டீ, ஒரு பன். மதியம் நானே வைத்த தக்காளி சாதம், அடிப்பிடித்துவிட்டது. ராத்திரிக்கு இன்னும் தெரியவில்லை.